குரோன் நோயின் மூலக்கூற்று உயிரியல்

குரோன் நோய் என்பது செரிமானப் பாதையின் எப்பகுதியையும், சிறப்பாகச் சிறுகுடலின் கடைப்பகுதியையும் பெருங்குடலையும், தாக்கக்கூடிய நாட்பட்ட அழற்சி நோய் ஆகும். 1932ஆம் ஆண்டில் பர்ரில் குரோன், லியோன் கின்சுபர்க், கோர்டன் ஓப்பன்ஐமர் ஆகிய மூவரும் இதனை விவரித்தனர். அகரவரிசையில் முதலில் நின்றவரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. இதுவும் பெருங்குடற் புண் அழற்சியும் சேர்ந்து அழற்சிக் குடல் நோய்கள் எனப்படுகின்றன.

குடற்சுவரும் நோயெதிர்ப்பும்

குடலின் உட்புறத்தை ஒற்றை அடுக்கு உயிரணுக்களே மூடியுள்ளன. இவற்றுள் கிண்ண உயிரணுக்கள் சளியைச் சுரக்கின்றன. சிறுகுடற் சுரப்பிகளின் அடியிலுள்ள பானெத் உயிரணுக்கள் டிஃபென்சின் எனும் நுண்ணுயிர்க்கொல்லிகளை வெளியிடுகின்றன. இத்தடுப்பு பழுதடையும்போது பாக்டீரியாக்கள் உட்புகுகின்றன. பெருவிழுங்கிகள் கட்டி இறப்புக் காரணி (டி.என்.எஃப்), இன்டர்லியூக்கின்-23 ஆகியவற்றைச் சுரக்கின்றன. பின்னது டி-17 வகை நிணநீர்க்குழியங்களைத் தூண்டுகின்றது. முன்னது அண்டை உயிரணுக்களுக்கு இடையிலான இறுக்கமான பிணைப்புகளைத் தளர்த்துகின்றது. இதனால் மேலும் பாக்டீரியாக்கள் நுழைந்து அழற்சி தொடர்கின்றது.

மரபணுக்கள்

2001இல், 16ஆம் நிறப்புரியிலுள்ள என்ஓடி2 மரபணுவின் மூன்று திடீர்மாற்றங்கள் ஐரோப்பிய வழியினரிடையே இந்நோயுடன் தொடர்புடையவை எனக் கண்டறியப்பட்டது. இம்மரபணு ஆக்கும் புரதம், பாக்டீரியாச் சுவரின் துண்டான மியூரமைல் இருபெப்டைடை உயிரணுவினுள்ளேயே உணர்ந்து எதிர்ப்பைத் தொடங்கி வைக்கின்றது. அடுத்த சில ஆண்டுகளில் இன்டர்லியூக்கின்-23 ஏற்பி மரபணுவும், தன்விழுங்கலுக்குத் தேவையான ஏடிஜி16எல்1 மரபணுவும் பட்டியலில் சேர்ந்தன.

வேலூர் ஆய்வு

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடைபெற்று 2008இல் வெளிவந்த ஆய்வில், இந்திய குரோன் நோயாளிகளிடம் மேற்கூறிய மூன்று என்ஓடி2 மாற்றங்களும் காணப்படவில்லை. சப்பான், சீனா முதலிய நாடுகளிலும் இவை இல்லை. வேலூருக்கு வங்காளம் போன்ற தொலைவிடங்களிலிருந்தும் நோயாளிகள் வருவதுண்டு. ஆகவே இம்முடிவு தமிழர்களை மட்டும் குறிப்பதன்று. ஐரோப்பியருக்கென உருவான மரபணுச் சோதனையை இங்கு அப்படியே பயன்படுத்த இயலாது என்பது இதனால் தெளிவாகின்றது.

காசநோயுடன் குழப்பம்

இந்தியாவில் இதுவே மிகக் கடினமான சிக்கல் எனலாம். குடற் காசநோயும் சிறுகுடல்-பெருங்குடல் சந்திப்பையே விரும்பித் தாக்குகின்றது. இரண்டிலும் பெருவிழுங்கிகள் திரண்ட சிறுமணிகள் திசுவில் தோன்றுகின்றன. பாலாடைக்கட்டி போன்ற சிதைவு காசநோய்க்கு உரியது. ஆனால் எல்லா மாதிரிகளிலும் அது கிடைப்பதில்லை. ஐயம் தீராதபோது முதலில் காசநோய் மருந்துகளைக் கொடுத்து, சில மாதங்களில் உள்நோக்கி மூலம் புண்கள் ஆறியுள்ளனவா எனப் பார்ப்பது இங்குள்ள வழக்கம். நோய் உண்மையில் குரோன் ஆயின், அக்காலத்தில் குடல் சுருங்கி அடைபடக்கூடும். மாறாக, காசநோயாளிக்கு ஊக்கமருந்துகளைக் கொடுத்தால் நோய் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

என்ஓடி2 காச நுண்ணுயிரியின் சுவர்த்துண்டையும் உணர்கின்றது. 2009இல் சீனாவில் நடந்த மரபணு ஆய்வு, தொழுநோயுடனும் இம்மரபணுவைத் தொடர்புபடுத்தியது.

சிகிச்சையில் விளைவு

டி.என்.எஃப்-ஐக் கட்டிப்போடும் பிறபொருளெதிரியான இன்ஃபிளிக்சிமாப், 1998இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்றது. காச நுண்ணுயிரிகளைச் சிறுமணிக்குள் அடைத்து வைத்திருப்பதும் இதே டி.என்.எஃப் தான். எனவே இம்மருந்தால் உறங்கிக் கிடந்த காசநோய் மீண்டெழுவது 2001இல் அறிவிக்கப்பட்டது. மருந்தைத் தொடங்குமுன் மார்பு ஊடுகதிர்ப் படமும் தோற்சோதனை அல்லது குருதிச்சோதனையும் செய்யப்படுகின்றன. 2014இல் ஒப்புதல் பெற்ற வெடோலிசுமாப், நிணநீர்க்குழியங்கள் குடலுக்குள் நுழைவதை மட்டுமே தடுப்பதால், காசநோய் மீண்டெழும் அச்சம் இதில் குறைவு.