பாடநூலும் அறிவிப்பாளர் தொடரும்

எங்கள் அரபுக் கல்லூரி நூலகத்தில் ஒரே பாடநூலின் இரு பதிப்புகள் அருகருகே உள்ளன. ஒன்று, தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் பதினோராம் வகுப்பிற்காக 2006இல் வெளியிட்ட உலக வரலாற்று நூல். மற்றொன்று, 2022இல் பாடச் சுமையைக் குறைப்பதாக அறிவித்த பின்னர் அச்சான அதே நூல். முன்னது பருத்தது, பின்னது மெலிந்தது. மெலிந்தமைக்குக் காரணமான அத்தியாயங்களுள் ஒன்று, கி.பி. 600 முதல் 1200 வரையிலான மத்திய இஸ்லாமிய நாடுகளின் வரலாறு. கிலாஃபத்தின் எழுச்சி, அப்பாஸியர், சிலுவைப் போர்கள், இப்னு ஸீனா, ஃபிர்தவ்ஸி, சூஃபியாக்கள் என விரிந்த அத்தியாயம் அது.

அதில் என்னை மிகவும் ஈர்த்தது இந்தப் பெயர்களன்று. தொடக்கத்தில் சான்றாதாரங்களைப் பற்றி வந்த சிறு பகுதியே. ஒரு செய்தியைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அறிவிப்பாளர் நம்பத்தக்கவர்தாமா என்று தேரும் இஸ்னாத் முறையை அப்பகுதி சுருக்கமாக விளக்கியது. அரபுக் கல்லூரியில் நான் முப்பது ஆண்டுகளாக ஓதிக் கொடுத்துவரும் ஒரு கலையை, மதரஸாவின் வாசலையே பார்த்திராத சகோதர சமய மாணவன் ஒருவன் அரசுப் பாடநூலில் ஒரு பத்தியளவேனும் அறிந்துகொள்ள முடிந்தது. வரலாற்றைச் சோதிக்கும் கருவியைக் கற்பித்த பக்கமே வரலாற்றுப் பாடத்திலிருந்து போயிற்று.

நியாயமாகப் பேச வேண்டும். அதே நூலிலிருந்து தொழிற்புரட்சியும், மனித குலத்தின் தொடக்கமும், அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் வந்திறங்கிய கதையும் கூடவே நீக்கப்பட்டன. பெருந்தொற்றுக் காலத்தில் பாடம் தவறிய மாணவர்க்குச் சுமை குறைத்தோம் என்பது குழுமம் கூறிய காரணம். ஆகவே நம்மை மட்டுமே குறிவைத்தனர் என்று மேடையில் முழங்குவது முழு உண்மையாகாது. ஆயினும் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் முகலாய அரசவையும் அதன் வரலாற்றேடுகளும் பற்றிய அத்தியாயம் போயிற்று. ஏழாம் வகுப்பில் முகலாயப் பேரரசர்களின் செயல்களைத் தொகுத்துரைத்த அட்டவணை போயிற்று. பதினோராம் வகுப்பு அரசியல் நூலில், அரசியல் நிர்ணய சபைக் குழுக்களுக்குத் தலைமை தாங்கியோரைப் பற்றிய வரியிலிருந்து மௌலானா அபுல் கலாம் ஆசாதின் பெயர் போயிற்று. சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சரின் பெயரை எடுப்பதனால் எந்த மாணவனுக்கு எவ்வளவு சுமை குறைந்துவிடும்? இவற்றையெல்லாம் தற்செயல் என்று கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை.

எனினும் இந்நோய் நேற்றுப் பிறந்ததன்று. ஜேம்ஸ் மில் 1817இல் வெளியிட்ட பிரிட்டிஷ் இந்திய வரலாற்றில் இந்நாட்டின் காலத்தை இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் என மூன்றாகக் கூறு போட்டார். முதல் இரண்டிற்கும் மதத்தின் பெயர். மூன்றாவதற்கு மட்டும் நாட்டின் பெயர். அவர் இந்தியாவிற்கு வந்ததே இல்லை. இந்நாட்டு மொழிகளுள் ஒன்றையும் அறியார். அதை ஒரு குறையாகவும் அவர் எண்ணவில்லை. முஹத்திஸ்களின் பார்வையில் இது தொடர் அறுந்த அறிவிப்பு. ஆயினும் அந்த முப்பிரிவு பண்டைய, இடைக்கால, நவீன எனப் பெயர் மாற்றிக்கொண்டு இன்றுவரை பள்ளிக்கூடத்தில் உலவுகிறது.

மில்லை விடவும் நம்மை அதிகம் பாதித்தவர் சர் ஹென்றி எலியட். பாரசீக, அரபு வரலாற்று நூல்களிலிருந்து பகுதிகளைத் தெரிந்தெடுத்து மொழிபெயர்க்கச் செய்தார் அவர். 1853இல் அவர் மறைந்த பின், ஜான் டௌசன் அத்திரட்டை 1867 முதல் 1877 வரை எட்டுத் தொகுதிகளாகப் பதிப்பித்தார். முந்தைய ஆட்சிகளின் கொடுமையைக் கண்டு ஆங்கில ஆட்சியின் அருமையைக் குடிமக்கள் உணர வேண்டும் என்ற நோக்கத்தை எலியட் தம் முன்னுரையில் மறைக்கவே இல்லை. போர், கொலை, கோயில் இடிப்பு பற்றிய பகுதிகள் அத்திரட்டில் நிறைந்தன. வேளாண்மையும் வணிகமும் அன்றாட வாழ்வும் அருகின. பகுதிகள் பொய்யல்ல, பொறுக்கிய விதமே பொய். பின்வந்த பாடநூலாசிரியர்களுள் மூலத்தைப் பார்த்தவர் சிலரே. பலருக்கும் எலியட்டின் எட்டுத் தொகுதிகளே மூலம். அத்தொகுதிகளில் மலிந்த பிழைகளை வரிவரியாகத் திருத்தி 1939இல் நூல் வெளியிட்டவர் ஷாபூர்ஷா ஹோடிவாலா என்னும் பார்சி அறிஞர். நம் ஆலிம்கள் செய்திருக்க வேண்டிய பணி அது. பாரசீகம் நம் மதரஸாக்களில் அன்று உயிரோடிருந்த காலம்.

1931இல் கான்பூரில் நிகழ்ந்த பெருங்கலவரத்தை ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழு, பகவான் தாஸ் தலைமையில் அளித்த அறிக்கையில் வரலாற்றுக்கே நெடும் பகுதியை ஒதுக்கியது. வகுப்புப் பகைக்கு, திரித்துச் சொல்லப்பட்ட கடந்த காலமும் ஒரு வேர் என்று அது கண்டது. ஆங்கில அரசு அந்த அறிக்கையைத் தடை செய்தது. தடையைவிடச் சிறந்த நற்சான்று அதற்குத் தேவையில்லை.

விடுதலைக்குப் பின் 1960களில் ரோமிலா தாப்பர் போன்றோரைக் கொண்டு புதிய பாடநூல்கள் எழுதப்பட்டன. 1977இல் ஜனதா ஆட்சி வந்ததும், தாப்பர், பிபன் சந்திரா ஆகியோரின் நூல்களை விலக்கக் கோரும் குறிப்பொன்று பிரதமர் மொரார்ஜி தேசாயிடம் சேர்ந்தது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. அறிவிப்பாளர் யாரென்று அறியப்படாத செய்தியை முஹத்திஸ்கள் 'மஜ்ஹூல்' என்று ஒதுக்குவர். இங்கோ ஓர் அரசையே அது அசைத்தது. ஆர்.எஸ். சர்மாவின் பண்டைய இந்தியா பற்றிய நூல் 1978இல் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆட்சி மாறிய பின் மீண்டது. 2001இல் மறுபடியும் கத்தரிக்கோல். வேத காலத்தில் மாட்டிறைச்சி உண்ணப்பட்டது பற்றிய வரிகளும், குரு தேக் பகதூரின் மரண தண்டனை பற்றிச் சதீஷ் சந்திரா எழுதியவையும் நீக்கப்பட்டன. பின்னதை எதிர்த்தோர் சீக்கிய அமைப்பினர். தம் சமூகத்தின் மனம் நோகாத வரலாறே வேண்டும் என்னும் ஆசை எந்த ஒரு மதத்திற்கும் தனியுரிமையன்று.

2002இல் வந்த புதிய நூல்களைப் பற்றி நான் நீட்டி எழுதப்போவதில்லை. அவற்றிலுள்ள பிழைகளைப் பட்டியலிட்டு இந்திய வரலாற்றுப் பேரவை 2003இல் தனி நூலே வெளியிட்டது. காந்தியடிகள் கொல்லப்பட்ட செய்தி ஒன்பதாம் வகுப்பு நூலின் முதல் பதிப்பில் இடம்பெறாமற் போனதை நாடறியும். 2004இல் ஆட்சி மாறிற்று. 2005இன் கலைத்திட்டத்தை ஒட்டி 2006 முதல் வந்த நூல்களுள் ஒன்றே நான் முதலிற் குறித்த பருத்த பதிப்பு. இனி 2025. ஏழாம் வகுப்பின் புதிய நூலில் டில்லி சுல்தான்களும் முகலாயரும் இல்லை. எட்டாம் வகுப்பிற்கு நகர்த்தப்பட்டு, இருண்ட காலங்கள் பற்றிய ஒரு குறிப்போடு வருகின்றனர். கடந்த காலச் செயல்களுக்கு இன்றிருப்போர் எவரையும் பொறுப்பாக்கலாகாது என்ற வரியும் அக்குறிப்பில் உண்டு. நல்ல வரி. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் நெஞ்சில் எது தங்கும், கொலைக்காட்சியா, அதன் அடியில் எழுதிய எச்சரிக்கையா என்று ஆசிரியத் தொழில் செய்வோர் அறிவர்.

கொடுமை நிகழவே இல்லை என்று வாதிடுவது நம் மரபன்று. கஸ்னவி மஹ்மூதின் ஆட்சிக்குள் வாழ்ந்த அல்பிரூனி, ஏறத்தாழ 1030இல் எழுதிய இந்தியா பற்றிய நூலில், மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் செழிப்பை அழித்ததையும், மக்கள் சிதறுண்டதையும், அதனால் அவர்கள் நெஞ்சில் வெறுப்பு வேரூன்றியதையும் ஒளிக்காமல் பதிவு செய்தார். அந்நூலின் தொடக்கமே, செய்தி சொல்வோர் எந்தெந்தக் காரணங்களால் பொய் சொல்கின்றனர் என்னும் ஆய்வுதான். இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவிலும் பொய்க்கான காரணங்களின் வரிசையில் கொள்கைப் பற்றும், பதவியில் இருப்போரைப் புகழும் வேட்கையும் இடம்பெறுகின்றன. இவ்விரு நூல்களையும் நம் பெருமைக்குரிய உடைமையாகக் காட்டிக்கொள்கிறோம். அவற்றை நம்மீதே திருப்பிப் பார்க்கிறோமா?

இஸ்லாத்தின் பெயரால் பாடநூல் எழுதிய நாடும் உண்டு. பாகிஸ்தானில் 1950களின் பள்ளி நூல்களில் மௌரியரும் குப்தரும் இருந்தனர். பின்னர் வரலாறு என்ற தனிப்பாடமே சமூகக் கல்வியில் கரைக்கப்பட்டது. ஜியாவுல் ஹக்கின் ஆட்சியில், 1977க்கும் 1988க்கும் இடையே, பாகிஸ்தான் இயல் என்னும் கட்டாயப் பாடம் அந்நாட்டை முற்றிலும் இஸ்லாமியமாக்கும் கருத்தியலைப் பரப்பும் கருவியாக வகுக்கப்பட்டது. மொஹஞ்சதாரோவும் தட்சசீலமும் தம் மண்ணிலேயே இருக்க, நாட்டின் வரலாறு 712இல் முஹம்மது பின் காஸிம் சிந்துவை வென்றதிலிருந்து தொடங்கிற்று. அந்நாட்டின் மூத்த வரலாற்றாசிரியர் கே.கே. அஜீஸ் 66 பாடநூல்களை எடுத்து ஆராய்ந்து, வரலாற்றின் கொலை என்று தலைப்பிட்டு 1993இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். லாகூர்த் தீர்மானம் நிறைவேறிய நாள் 1940 மார்ச் 24 என்றிருக்க, நாடே 23 என்று கொண்டாடுவதைக்கூட அவர் விடவில்லை. 1970 டிசம்பர்த் தேர்தலில் பெரும்பான்மை பெற்ற கிழக்குப் பாகிஸ்தானியரிடம் ஆட்சி ஒப்படைக்கப்படாததை மழுப்பி, 1971இன் பிரிவினைக்கு இந்து ஆசிரியர்களையும் இந்தியச் சதியையும் காரணமாகக் காட்டின அந்நூல்கள். பாகிஸ்தான் கோரிக்கையை எதிர்த்த ஆலிம்களின் நிலை இன்னும் விந்தையானது. தேவ்பந்தில் ஹதீஸ் ஓதிக் கொடுத்த மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ, மதம் வேறாயினும் தேசம் ஒன்றாகலாம் என்று 1938இல் நூலே எழுதினார். தீனின் பெயரால் எழுதப்பட்ட பாடம் இத்தகைய ஆலிம்களின் எதிர்ப்பை மறைத்தே ஆக வேண்டியிருந்தது.

அண்டை நாட்டைக் குறை சொல்வது எளிது. நம் மேடைகளுக்கு வருகிறேன். மீலாது விழாக்களில் நானே பலமுறை சொல்லிய கதை ஒன்றுண்டு. பின்னாளில் ஒரிசா ஆளுநரான பி.என். பாண்டே 1928இல் அலகாபாத்தில் ஒரு பாடநூலைக் கண்டார்; திப்பு சுல்தான் மதம் மாற வற்புறுத்தியதால் 3000 பிராமணர் தற்கொலை செய்துகொண்டனர் என்று அதில் இருந்தது. சான்று கேட்டு நூலாசிரியருக்கு எழுதினார். மைசூர் கெஜட்டியர் என்று பதில் வந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பிரஜேந்திரநாத் சீல் வழியாக விசாரித்தபோது, கெஜட்டியரில் அப்படி எதுவுமே இல்லை என்று தெரிந்தது. கடிதங்களைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு அனுப்பவே, அந்நூல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. இது பாண்டே சொன்ன வரலாறு.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் இக்கதையை இஸ்னாத் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டேன். ஓர் அறிவிப்பாளர் தாம் கேட்டதாகச் சொல்பவர் எந்த ஆண்டு இறந்தார் என்று பார்ப்பது முஹத்திஸ்களின் வழக்கம். பொய்யும் மறதியும் வெளிப்படும் இடம் அது. கதையில் கல்கத்தாத் துணைவேந்தரின் பெயர் சர் அசுதோஷ் சௌத்ரி என்று வருகிறது; அதைச் சர் அசுதோஷ் முகர்ஜி என்று கொள்வோரும் உண்டு. இருவருமே 1924 மே மாதத்தில் காலமானவர்கள். 1926 முதல் 1928 வரை அப்பதவியில் இருந்தவரோ, அவுரங்கசீப் பற்றி ஐந்து தொகுதிகள் எழுதிய ஜதுநாத் சர்க்கார். சீல் மட்டும் அக்காலத்தில் மைசூரில் துணைவேந்தராகவே இருந்தார். எனவே கதையின் நடுப்பகுதி நிற்கிறது, இறுதிப்பகுதி விழுகிறது. பாண்டேயைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. பல்லாண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொன்னவரிடம் பெயரோ ஆண்டோ பிறழ்ந்திருக்கலாம். ஆனால் ஹதீஸில் இத்தகைய அறிவிப்பைக் கண்டால் நாம் என்ன தீர்ப்பு வழங்குவோமோ அதையே இங்கும் வழங்க வேண்டும்.

பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "அப்படியானால் ஹஜ்ரத், இனி இதை பயானில் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். நான் பதிலாக இரண்டு செய்திகளைக் கரும்பலகையில் எழுதினேன். 1791இல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது திப்பு அதன் சீரமைப்பிற்குப் பொருளுதவி செய்தார். மடாதிபதிக்கு அவர் கன்னடத்தில் எழுதிய ஏறத்தாழ முப்பது கடிதங்களை மைசூர்த் தொல்லியல் துறை இயக்குநர் ஆர். நரசிம்மாச்சார் 1916இல் மடத்திலேயே கண்டெடுத்தார். இது முதலாவது. குடகு மக்களைச் சிறைப்பிடித்துச் சென்று மதம் மாற்றியதைத் திப்பு தம் கடிதங்களில் பெருமையாகவே குறிப்பிட்டுள்ளார். அக்கடிதங்களை ஆங்கில அதிகாரி கிர்க்பாட்ரிக் மொழிபெயர்த்து 1811இல் லண்டனில் வெளியிட்டார். இது இரண்டாவது. இரண்டுக்கும் மூலம் எங்கே, கண்டெடுத்தவர் யார், மொழிபெயர்த்தவர் யார், அவருக்கு என்ன நோக்கம் இருந்திருக்கக்கூடும் என்று எழுதிவருமாறு சொன்னேன்.

மறுவாரம் பதினேழு தாள்கள் வந்தன. கிர்க்பாட்ரிக் திப்புவின் எதிரி நாட்டவர், ஆதலால் தள்ளுக என்று எழுதியவர் பதினொருவர். நரசிம்மாச்சாரும் நம் மதத்தவர் அல்லரே, அவரை மட்டும் எப்படி ஏற்பது என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தத் தாளை வைத்துத்தான் அடுத்த இரண்டு வகுப்புகளும் நடந்தன.