விக்ரமசீலா - படியளந்தவர்கள் போன பிறகு

பீகாரில் பழைய பல்கலைக்கழகம் என்றாலே எல்லோரும் நாளந்தா என்பார்கள். போய்ப் பார்க்கவும் நாளந்தாதான் சுலபம். டூரிஸ்ட் பஸ் வரும், கைடு துரத்துவார். விக்ரமசீலாவுக்கு இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. பாகல்பூரிலிருந்து டெல்லி போகிற ரயிலுக்கும், பாகல்பூரில் கங்கைக்குக் குறுக்கே உள்ள பாலத்துக்கும் பெயரை வைத்துவிட்டு, இடத்தை மறந்துவிட்டார்கள் போல. நான் பாட்னாவுக்கு மாற்றலாகி வந்து ரொம்ப நாள் கழித்துத்தான், ஒரு ஜனவரி மாதம், ஞாயிறோடு சேர்ந்து ஒரு லீவு கிடைத்ததால் போனேன்.

பாகல்பூரிலிருந்து கிழக்கே கஹல்காவ், அங்கிருந்து உள்ளே அந்திச்சக் என்கிற கிராமம். கஹல்காவ் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைத் தாண்டினால் கடுகு வயல், மாந்தோப்பு, எருமை. சாலையைப் பற்றி எழுதினால் அதுவே நாலு பக்கம் வரும், விடுங்கள். திடீரென்று ஒரு வேலி, ஒரு கேட்டு, டிக்கெட் கவுண்டர். உள்ளே போனால் சிவப்புச் செங்கல் கடல்.

இந்த இடம்தான் விக்ரமசீலா என்று முடிவாவதற்கே வெகு காலம் ஆகியிருக்கிறது. கன்னிங்ஹாம், நாளந்தா பக்கத்துச் சிலாவ் கிராமமாக இருக்கலாம் என்றார். நந்தலால் டே, இங்கே கங்கைக்கரையில் இருக்கும் பத்தர்கட்டாவைச் சொன்னார். அவர் சொன்னதுதான் கிட்டத்தட்ட சரியாக வந்தது. 1960 முதல் 1969 வரை பாட்னா பல்கலைக்கழகம் தோண்டியது, பிறகு 1972 முதல் 1982 வரை தொல்லியல் துறை தோண்டியது. அதற்கு முன் இது வெறும் மேடு.

பக்கத்துக்கு 330 மீட்டர் நீளமுள்ள சதுரம். உள்ளே மட்டும் சுமார் 27 ஏக்கர். நாலு பக்கச் சுவரை ஒட்டியும் துறவிகளின் அறைகள், பக்கத்துக்கு 52, ஆக மொத்தம் 208. நடுவில் சிலுவை வடிவில் இரண்டு அடுக்கு மேடையோடு பெரிய தூபி. இப்போதும் 15 மீட்டர் உயரம் நிற்கிறது. வடக்கு வாசலில் ஒரே கல்லில் செய்த தூண்கள். சில அறைகளுக்கு அடியில் செங்கல் வளைவுக் கூரை போட்ட நிலவறைகள். தியானத்துக்கு என்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது தென்மேற்கு மூலையில் தனியாக நிற்கிற நூலகக் கட்டிடம். மடாலயத்திலிருந்து ஒரு ஒடுக்கமான வழி அங்கே போகிறது. பக்கத்திலுள்ள நீர்த்தேக்கத்தின் குளிர்ந்த காற்று உள்ளே வருகிற மாதிரி சுவரில் துவாரங்கள் விட்டிருக்கிறார்கள். ஓலைச்சுவடி கெடாமல் இருக்க அந்தக் காலத்து ஏ.சி.! ஓலையைப் பாதுகாப்பது எவ்வளவு பாடு என்பது நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதைக் கட்டியது பால வம்சத்து தர்மபாலன், 8ஆம் நூற்றாண்டின் கடைசி, 9ஆம் நூற்றாண்டின் ஆரம்பம். இப்போது வங்கதேசத்தில் இருக்கும் பகார்பூர் சோமபுர மடாலயமும் இவன் காலத்ததுதான், கிட்டத்தட்ட இதே பிளான்.

கணக்குப் பார்த்தே பழகிய புத்தி, செங்கல்லைப் பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது ஒரே கேள்விதான். இத்தனை பேருக்கும் சோறு போட்டது யார்? திபெத்தியத் துறவி தாராநாதர் 1608ல் எழுதிய வரலாற்றில் ஒரு பட்டியல் இருக்கிறது. தர்மபாலன் 108 பண்டிதர்களுக்கும், இன்னும் ஆறு பேருக்கும் சேர்த்து 114 பேருக்கு மானியம் வைத்தானாம். அந்த ஆறு பேரில் எலிகளிடமிருந்து காப்பவர் ஒருவர், புறாக்களைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர்! தாராநாதர் எழுநூறு எண்ணூறு வருடம் கழித்து எழுதியவர், அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் எலிக்கு ஆள் போட்டதை நான் நம்புகிறேன். சுவடி இருக்கும் இடத்தில் அது அவசியச் செலவு.

இதைவிட உறுதியான கணக்கு நாளந்தாவில் கிடைத்த செப்பேடு. தர்மபாலனின் மகன் தேவபாலன் வெட்டியது. சுவர்ணத்வீபத்து அரசன் பாலபுத்ரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரை கட்டினான். அவன் கேட்டுக்கொண்டபடி தேவபாலன் ஐந்து கிராமங்களை எழுதி வைத்தான். பிக்குகளின் உணவு, உடை, படுக்கை, மருந்து, நூல்களைப் படியெடுத்தல், கட்டிடம் பழுதானால் ரிப்பேர் என்று இனம் இனமாகச் சொல்கிறது. நம்ம பட்ஜெட் மாதிரியே.

எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லை? ஆமாம், நாகப்பட்டினம். ஸ்ரீவிஜயத்து அரசன் விகாரை கட்ட, இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். வருமானம் 8943 கலம் நெல்லும் சில்லறையும் என்று நாழி வரைக்கும் எழுதியிருக்கும் லெய்டன் செப்பேடு அதுதான். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குச் சூடாமணி விகாரம் தெரியும். கடல் கடந்த அரசன் கட்டுவான், உள்ளூர் அரசன் கிராமம் கொடுப்பான். கங்கைக்கரையிலும் காவிரிக்கரையிலும் ஒரே மாதிரி ஏற்பாடு.

நாகையில் மிஞ்சியிருந்த செங்கல் கோபுரத்தையும் 1867ல் ஏசு சபையினர் இடித்துவிட்டார்கள். கிடைத்தவை புத்தர் செப்புப் படிமங்கள், முன்னூற்றுக்கும் மேல்.

விக்ரமசீலாவின் பெரிய பெயர் அதீசர் (982-1054). மேற்குத் திபெத்தின் குகே அரசர்கள் பொன் கொடுத்தனுப்பி அவரை அழைத்தார்கள். இங்கிருந்த மூத்தவர் இரத்னாகரர், மூன்று வருடத்தில் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் விட்டாராம். 1040ல் கிளம்பி, நேபாளம் வழியாக 1042ல் போய்ச் சேர்ந்தார். 1054ல் லாசா அருகே காலமானார், திரும்பவே இல்லை. வாராக்கடன் :-) ஆனால் விக்ரமசீலாவில் எழுதிய எத்தனையோ நூல்கள் இன்று திபெத்திய மொழிபெயர்ப்பில்தான் பிழைத்திருக்கின்றன. அந்தக் கடன் மட்டும் வராமல் போனதில் லாபம்தான்.

எப்படி அழிந்தது? பக்தியார் கில்ஜி எரித்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மின்ஹாஜ் எழுதிய தபகாத்-இ-நாசிரியில் 200 குதிரைவீரர்களோடு 'பீகார் கோட்டை'யைத் தாக்கிய கதை இருக்கிறது. மொட்டைத்தலைக்காரர்கள் எல்லோரையும் கொன்ற பிறகு ஏராளமான புத்தகங்கள் இருந்ததைப் பார்த்தார்கள், படித்துச் சொல்ல ஆள் மிஞ்சவில்லை, அது கோட்டை இல்லை, கல்விச்சாலை என்று பிறகு தெரிந்தது என்கிறார். அதில் பங்கெடுத்த ஒருவரையே நேரில் பார்த்துக் கேட்டு எழுதியது. ஆனால் அது ஒதந்தபுரி, இன்றைய பீகார் ஷெரீஃப் என்கிறார்கள். விக்ரமசீலா பெயர் அதில் இல்லை. இங்கே வந்ததற்குச் சாட்சி திபெத்திய யாத்ரீகர் தர்மசுவாமின். 1234-36ல் இந்தப் பக்கம் வந்தவர், துருக்கர்கள் இதை இடித்து அஸ்திவாரக் கல்லையும் கங்கையில் எறிந்துவிட்டதாக எழுதினார். (அஸ்திவாரம் இருக்கிறது. நான் அதன் மேல் உட்கார்ந்துதான் சப்பாத்தி சாப்பிட்டேன்.)

கொள்ளையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கொள்ளை போன கோயில்கள் நம் நாட்டில் மறுபடி எழுந்திருக்கின்றன, இது ஏன் எழவில்லை? 12ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பாலர்கள் தேய்ந்து போனார்கள். அடுத்து வந்த சேனர்கள் சைவ, வைணவப் பற்றுள்ளவர்கள். படியளந்த ஒரே பெரிய கை நின்றுவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, 'சாவா மூவாப் பேராடு'. கொடுப்பவர் யார் யாரோ, ஆட்டை வைத்துக்கொண்டு நெய் அளப்பவர் ஓர் இடையர். அரசன் போனாலும் இடையரின் பேரன் நெய் கொண்டு வருவார். நாகை விகாரையும், கடல் வணிகர்களும் அக்கசாலைக்காரர்களும் பின்னால் இருந்ததால்தான் சோழர் போன பிறகும் பல காலம் ஓடியது என்பது என் கணிப்பு. ஒரே வாடிக்கையாளரை நம்பிய கிளை எப்படியிருக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த தர்மசுவாமின் நாளந்தாவில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். கட்டிடங்கள் பெரும்பாலும் பாழ். தொண்ணூறு தாண்டிய இராகுலஸ்ரீபத்ரர் என்ற ஆசிரியர், 70 மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். செலவைப் பார்த்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் ஒதந்தபுரியைச் சேர்ந்த ஜயதேவர் என்ற பிராமண கிருகஸ்தர். அவரைத் துருக்கர்கள் பிடித்து வைத்தார்கள். நாளந்தாவைத் தாக்க ஆள் வருகிறது என்று சிறையிலிருந்தே சொல்லியனுப்பினார். மாணவர்கள் ஓடிவிட்டார்கள். கிழவர் நகர மறுத்தார். தர்மசுவாமின் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் அரிசி, சர்க்கரை, சில புத்தகங்களோடு தென்மேற்கே இருந்த ஒரு கோயிலில் போய் ஒளிந்துகொண்டார். 300 வீரர்கள் வந்து பார்த்தார்கள், யாரும் இல்லை, திரும்பிப் போனார்கள்.