வகைப்பெயரை எழுதியது யார்?

ஒருவருக்கு ஒரு வரி என அமைந்த அட்டவணையை வகைவாரியாகத் தனித்தனித் திசையன்களாகப் பிரிப்பது ‘ஆர்’ மொழியில் ஒரே கட்டளையில் முடிந்துவிடுகிறது. மதிப்புகளின் வரிசையையும், அவற்றுக்கு இணையான வகைப்பெயர்களின் வரிசையையும் ‘ஸ்பிளிட்’ என்னும் செயற்கூறுக்குத் தந்தால் போதும். 1993இல் ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் அறிமுகப்படுத்திய ‘ஆர்’, பெல் ஆய்வகத்தில் பிறந்த ‘எஸ்’ மொழியின் வழிவந்தது. ஆயினும், அந்தக் கட்டளை செய்யும் வேலை இந்தியாவில் அதற்கு வெகுகாலம் முன்பே கைகளால் நடந்திருக்கிறது.

1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரை எழுத்தர்கள் படிவங்களைப் பார்த்துத் தாளில் கோடிட்டு எண்ணினர். புதியதொரு குறுக்குக் கணக்கு வேண்டுமெனில் படிவங்களை மீண்டும் முதலிலிருந்து புரட்ட வேண்டும். 1871ஆம் ஆண்டு பவேரியக் கணக்கெடுப்பையொட்டி ஃபான் மாயர் வகுத்த சீட்டு முறை 1901இல் இந்தியாவுக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதப்பட்டது. தாளின் நிறம் மதத்தைக் காட்டியது. பாலும் மணநிலையும் குறியீடுகளாயின. சீட்டுகளை மர அறைகளில் இட்டுப் பிரித்து, கட்டுக்கட்டாக எண்ணினர். பிறகு அதே சீட்டுகளைக் கலைத்து வேறொரு வகையில் பிரித்தனர். சீட்டு என்பது வரி; அறை என்பது வகை; கட்டு என்பது திசையன்.

மதத்தின் அடிப்படையிலான பிரிவினை சீட்டின் நிறத்திலேயே முடிந்துவிட்டது. மொழியின் நிலை வேறு. மக்கள் சொன்ன பெயர்கள் பல. எந்தப் பெயர் எந்த அறைக்கு உரியது என்பதை வேறொருவர் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. 1901ஆம் ஆண்டு அறிக்கையில் மொழி பற்றிய அதிகாரத்தை எழுதியவர், இந்திய மொழியியல் அளவாய்வை நடத்திவந்த கிரியர்சன்.

அந்த முடிவின் எடை இன்றும் குறையவில்லை. 2011இல் மக்கள் தந்த தாய்மொழிப் பெயர்கள் 19,569. ஆய்வுக்குப் பின் அவை 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குசெய்யப்பட்டன. 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாமல் ‘பிற’ என்பதற்குள் சென்றன. பத்தாயிரம் பேருக்குக் குறையாதோர் பேசுபவை என்ற வரம்புக்குப் பின் நின்றவை 121 மொழிகள். இந்தி என்னும் தலைப்பின்கீழ் உள்ளோர் ஏறத்தாழ 52.8 கோடி, அவர்களுள் தம் தாய்மொழி இந்தி என்றே சொன்னவர்கள் 32.2 கோடி. ஐந்து கோடிக்கு மேற்பட்ட போஜ்புரி மொழியினரும் அந்தத் தலைப்புக்குள்ளேயே அடங்குகின்றனர். தாய்மொழி நெடுவரிசையைக் கொண்டு பிரித்தால் போஜ்புரி தனித் திசையன்; மொழி நெடுவரிசையைக் கொண்டு பிரித்தால் அப்படியொரு திசையனே இல்லை. இரண்டு கட்டளைகளும் பிழையின்றி இயங்கும்.

வகைப்பெயர் விடுபட்ட வரிகளை ‘ஸ்பிளிட்’ எச்சரிக்கை ஏதுமின்றி விட்டுவிடுகிறது. சீட்டு முறையில் பெயரற்ற சீட்டு எழுத்தரின் கையிலேயே எஞ்சி நிற்கும். கணினியில் அது கண்ணில் படுவதில்லை. ஆகவே, பிரித்த திசையன்களின் நீளங்களைக் கூட்டி மூல வரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவதும், மக்கள் சொன்ன மூலப்பெயரைத் திருத்திய பெயருக்கு அருகிலேயே தனி நெடுவரிசையாகக் காத்துவைப்பதும் மொழித்தரவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் கடமையாகின்றன. மூலப்பெயர் இருக்கும்வரை மறுபடியும் பிரிக்கலாம். அது அழிந்தபின் எஞ்சுவது வகைப்படுத்தியவரின் முடிவு மட்டுமே.