அறிவைப் பொதுவாக்கிய திருவனந்தபுரம்

நூலை விலையின்றி வழங்கிவிட்டால் கல்வி தானே பரவிவிடும் என்று நாம் எண்ணுவதுண்டு. திருவனந்தபுரத்தின் வரலாறோ வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது.

சுவாதித் திருநாள் மகாராஜா ஆட்சி புரிந்த 1829-ஆம் ஆண்டில், ஆங்கிலேய ரெசிடெண்டாயிருந்த கர்னல் எட்வர்டு கடோகன் என்பாரின் துணையோடு இந்நகரில் ஒரு நூலகம் தோன்றிற்று. 1898-இல் அதனை அரசாங்கம் ஏற்றது. பாளையத்தில் இன்று மாநில மத்திய நூலகமாக விளங்குவது அதுவே. ஆயினும், தலைநகரில் ஏடுகள் அடுக்கியிருப்பதனால் தொலைவிலுள்ள சிற்றூர் உழவனுக்கு என்ன பயன்?

இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர் பள்ளி ஆசிரியரான பி. என். பணிக்கர். 1945-ஆம் ஆண்டு அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுகூட்டித் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். சிற்றூர்தோறும் சென்று நூலகம் அமைக்கத் தூண்டினார். எழுத்தறியாதாரைத் தேடிச் சென்று கற்பிக்கும் பணியிலும் சங்கம் ஈடுபட்டது. அப்பணிக்காக 1975-இல் யுனெஸ்கோவின் குருப்ஸ்காயா பரிசு அதனை வந்தடைந்தது. பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஆம் நாளைக் கேரள மக்கள் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகின்றனர்.

ஆர்வம் ஒன்றே நெடுநாள் தாங்காது, பொருளும் வேண்டும். 1989-இல் இயற்றப்பெற்ற கேரளப் பொது நூலகச் சட்டம் கட்டட வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 5 காசு நூலக வரியாகச் சேர்க்க வகைசெய்தது. வள்ளல் ஒருவரின் கொடையை எதிர்நோக்காமல், ஊராரின் சிறு பங்கே நூலகங்களைத் தாங்கும் முறை இவ்வாறு உண்டாயிற்று.

எவரும் கட்டணமின்றிப் பெறவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள பாடப் பொருள்களுக்குத் ‘திறந்த கல்வி வளம்’ என்னும் பெயர் 2002-இல் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில் சூட்டப்பெற்றது. பெயர் புதிது; சிக்கல் பழையது. 2020-இல் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஜூன் 1 முதல் விக்டர்ஸ் தொலைக்காட்சி வாயிலாகக் கேரள அரசு பாடங்களை ஒளிபரப்பிற்று. பாடம் யாவர்க்கும் பொதுவாயிருந்தது, கருவியோ அவ்வாறில்லை. 2 இலட்சத்திற்கு மேற்பட்ட மாணவர்க்குத் தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லை என்பது தெரியவந்தது. அந்நிலையில் அவர்களுக்குப் பொதுக் கற்றல் இடங்களாகக் கைகொடுத்தவற்றுள் ஊர் நூலகங்களும் அடங்கும். முன்னோர் நட்டு, ஊரார் நீர் வார்த்த மரம் பேரர்க்கு நிழல் தந்தது.

ஆதலின், கல்வி வளத்தைத் திறந்து வைப்பது முதற்படியே ஆகும். கற்பவனின் மொழியிலும் தகுதிக்கேற்பவும் அது அமைதல் வேண்டும். அதனை அவன் கையில் சேர்ப்பிக்கும் தொண்டர் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க நிலையான வருவாய் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும், திறந்த கதவின் முன் எவரும் வாரார். நம் ஊர் நூலகத்தை நாம் பேணுகின்றோமா என்று நம்மையே வினவிக்கொள்ளுதல் தகும்.