அடியில்லாத இழைப்புளி

சின்னமனூரில் என் தாத்தாவின் தகப்பனார் கட்டிய வீட்டில், நெல் அறைக்கு ஒரு கதவு இருக்கிறது. 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த வழியாக இந்தப் பக்கம் இறங்கிய பிறகு, கம்பம் பள்ளத்தாக்கில் வயல் வைத்திருந்தவர்கள் கையில் கொஞ்சம் காசு புரண்டது. எங்கள் கிழவர் அந்தக் காசில் முதலில் செய்த காரியம், வீட்டுக்குத் தேக்குக் கதவுகள் போட்டதுதான். மனிதர் தங்குவதற்குப் போட்ட கதவைவிட நெல் தங்குவதற்குப் போட்ட கதவில் வேலைப்பாடு அதிகம். அவருடைய மனம் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கதவில் ஆறு பலகைகள். ஒன்றின் விளிம்பில் நாக்கு. அடுத்ததன் விளிம்பில் காடி. நாக்கு காடிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். பலகைகள் சேரும் இடமெல்லாம், மேலிருந்து கீழே வரை, அரைவட்டமாக ஒரு வரி ஓடுகிறது. தச்சர்கள் பீடிங் என்கிறார்களே, அதுதான். இது அழகுக்காக மட்டும் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. ஆடி மாதம் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்றில் மரம் வற்றிச் சுருங்கும். பலகைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். பக்கத்திலேயே வரி ஒன்று இருந்துவிட்டால், அந்த இடைவெளியும் இன்னொரு வரி போலத் தோன்றிவிடும். குறையை மறைப்பதற்குச் செய்த ஏற்பாடு, நாளடைவில் அலங்காரம் என்று பெயர் வாங்கிவிட்டது. மனிதர்களிலும் இப்படி உண்டு.

போன வருஷம் இரண்டு பலகைகளைக் கறையான் தின்றுவிட்டது. தேனியில் ஒரு பட்டறையில் கேட்டேன். மின்சார ரௌட்டர் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. அந்தப் பையன் நல்லவன்தான்; வரியை அளந்து பார்த்துவிட்டு, "இந்த அளவுக்கு பிட்டு கிடையாது சார். புதுக் கதவாப் போட்டுருங்க" என்றான். இரண்டரை நூல் அகலம். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். இரண்டு நூலுக்கு அவனிடம் பிட் இருக்கிறது, மூன்று நூலுக்கும் இருக்கிறது. நடுவில் நின்ற அரை நூலுக்காக நான் கதவையே தூக்கி எறியவேண்டும்.

அந்த வரியை முதலில் இழைத்த ஆசாரிக்கு இந்தத் தொல்லை இல்லை. தனக்கு வேண்டிய இழைப்புளியைத் தானே மரத்தில் செய்துகொண்டிருப்பார். வரி எப்படி வேண்டுமோ அதன் மறுபுறத்தை இழைப்புளியின் அடியில் செதுக்கி, அதே வளைவுக்கு அலகைத் தீட்டி மாட்டினால் தீர்ந்தது. இதில் ஒரே ஒரு சங்கடம், வரிக்கு ஓர் இழைப்புளி வேண்டும். காடிக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று, பெரிய பீடிங்குக்கு ஒன்று, சின்னதற்கு ஒன்று. எல்லா நாட்டுத் தச்சனும் இந்த மூட்டையைச் சுமந்தவன்தான்.

அமெரிக்காவில் மூட்டை பாரமாகிவிட்டது. அங்கே வில்லியம் உட்வொர்த் என்பவர் 1828-லேயே பலகையை இழைத்து நாக்கும் காடியும் வெட்டும் யந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆகவே பெரிய வேலையெல்லாம் ஆலைக்குப் போயிற்று. வீடு வீடாகப் போய்ச் சில்லறை வேலை செய்யும் தச்சனுக்கு மிஞ்சியது, ஓர் அறைக்குப் பத்தடி வரி, ஓர் அலமாரிக்கு நாலு காடி, இவ்வளவுதான். இதற்காக நாற்பது கட்டைகளைச் சுமப்பானா? கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் ஊரில் இருந்த ஸ்டான்லி கம்பெனிக்காக ஜஸ்டஸ் டிராட் என்பவர் யோசித்ததன் பலன், 1880-களின் நடுவில் கடைக்கு வந்த 45-ஆம் நம்பர் கூட்டு இழைப்புளி. ஒரே உடல், மாற்றி மாற்றிப் பூட்ட இருபது சொச்சம் அலகுகள். 1897-இல் அதற்குத் தம்பியாக 55-ஆம் நம்பர் வந்தது. அதற்கு ஐம்பதுக்கு மேல் அலகுகள். மரமிழைக்கும் ஆலையே இதற்குள் அடங்கியிருக்கிறது என்று விளம்பரம் செய்தார்கள். இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ரெக்கார்டு கம்பெனி 1930-களில் 405 என்ற நம்பரில் அதே ஜாதியில் ஒன்றைச் செய்தது.

அந்த 405-களில் ஒன்று என் மாமா வீட்டுப் பரணில் இருந்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட பங்களா ஒன்றில் பழைய சாமான்கள் விற்றபோது, தையல் மெஷினின் உதிரிப்பாகம் என்று நினைத்து அவர் வாங்கி வந்தாராம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நிக்கல் பூச்சு, இரண்டு கம்பிகள், எண்ணி முடியாத திருகுகள். இழைப்புளிக்கான லட்சணம் ஒன்றுகூட அதில் இல்லை.

உத்தமபாளையம் பக்கத்திலிருந்து எழுபது வயது தாண்டிய ஆசாரியார் ஒருவரை வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தவர் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலைகீழாகத் திருப்பினார்.

"என்ன தம்பி இது, அடியே இல்ல?"

முழு சூட்சுமமும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. மர இழைப்புளியின் அடி, அலகுக்கு முன்னால் மரத்தை அழுத்திக்கொண்டே போகும். அதனால் நார் பிய்த்துக்கொண்டு எழும்பாது. ஆனால் அடி ஒரு வடிவத்துக்கென்று பிறந்துவிட்டால் வேறு வடிவத்துக்கு ஆகாது. டிராட் அந்த அடியையே எடுத்துவிட்டார். இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள் மட்டும் மரத்தின் மேல் சறுக்கிப் போகும். அவற்றின் நடுவே எந்த அலகை வேண்டுமானாலும் பூட்டலாம். சுதந்திரம் கிடைத்தது, அழுத்தம் போயிற்று. கோணல் நார் ஓடும் பலகையில் இதை ஓட்டினால் செதிள் செதிளாகப் பெயர்ந்து வரும். எனக்குத் தெரியும். ஆசாரியார் வருவதற்கு முந்தின நாள் நானே ஒரு தேக்குத் துண்டில் முயன்றேன். அந்தத் துண்டு இப்போது விறகுக் குவியலில் இருக்கிறது.

அவர் காலை முழுவதும் பூட்டினார். அலகின் முதுகைக் கல்லில் தட்டையாகத் தேய்த்து, முனையைத் தீட்டினார். நகரும் தகட்டை அலகின் அகலத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து, அலகு இரண்டு தகடுகளுக்கும் வெளியே ஒரு மயிரிழை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார். உள்ளே அடங்கிவிட்டால் தகடு காடிக்குள் இறங்காமல் சிக்கிக்கொள்ளும். பிறகு, பலகையின் விளிம்பை அணைத்துக்கொண்டு வரும் பக்கச் சட்டம். அதன் முன்கோடியும் பின்கோடியும் தகட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று ஓர் ஈர்க்கில் துண்டால் அளந்தார். ஆழத்துக்கு ஒரு தடுப்பு, அதையும் திருகினார். நாரின் குறுக்கே வெட்டும்போது முன்னால் கீறிப்போக இரண்டு சிறு கத்திகள் உண்டு. இங்கே வேலை நார்ப்போக்கிலேயே என்பதால் அவற்றை மடக்கிவிட்டார்.

"இம்புட்டு நேரத்துல எங்கப்பா பாதிக் கதவு இழைச்சிருப்பாரு" என்றார். கோபம் இல்லை; கணக்குச் சொன்னார். அவருடைய தகப்பனாரிடம் பதினொரு மர இழைப்புளிகள் இருந்தனவாம். ஒவ்வொன்றும் ஒரே தடவை பூட்டப்பட்டு, ஆயுள் முழுவதும் அப்படியே இருந்தவை. அவை எங்கே என்று கேட்டேன். "வெந்நி அடுப்புலதான்" என்றார்.

காடி சரியாக வந்தது. ஆறு நூல் கனமுள்ள பலகையில் நடு இரண்டு நூல் காடி. இழைப்பதை அவர் தன் பக்கத்திலிருந்து தொடங்கவில்லை. எதிர்க் கோடியில் சாண் நீளத்துக்கு இழைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்தார். முன்னே வெட்டிய பள்ளம் வழிகாட்ட, அலகு நார் இழுத்த பக்கமெல்லாம் ஓடாது. இடது கை சட்டத்தை விளிம்போடு அழுத்துவதோடு சரி. வலது கை தள்ளுவதோடு சரி. நான் முந்தின நாள் இரண்டு கையாலும் இரண்டு வேலையையும் செய்திருந்தேன்.

பீடிங்கில்தான் தட்டியது. பெட்டியில் இருந்த அலகுகளில் இரண்டரை நூல் கிடையாது.  கதவு போய்விட்டது என்றே நினைத்தேன். ஆசாரியார் இரண்டு நூல் அலகை எடுத்துப் பழைய பலகையின் வரிமேல் வைத்துப் பார்த்தார். என்னைக் கேட்டார்: "இதைக் கெடுத்துப்புடலாமா?" கெடுக்கச் சொன்னேன். வட்ட அரத்தாலும் எண்ணெய்க் கல்லாலும் ஒரு மணி நேரம் அந்த வளைவை அகட்டினார். மர இழைப்புளியாக இருந்தால் அலகை மட்டும் மாற்றிப் பயனில்லை, அடியையும் புதிதாகச் செதுக்கவேண்டும். இதற்குத்தான் அடி இல்லையே! டிராட் எடுத்துவிட்ட பொருள் எங்களுக்கு அன்று உதவியது.

அமெரிக்காவில் 45, 55 இரண்டும் 1962-இல் நின்றுபோயின. மர இழைப்புளிகள் அவற்றைத் தோற்கடிக்கவில்லை. ஆலையில் வெட்டிய மோல்டிங்கும் ரௌட்டரும்தான் தோற்கடித்தன. பூட்டுகிற நேரத்துக்குக் கூலி கொடுக்க யாரும் தயாராக இல்லை. நான் அரை நாள் கூலி கொடுத்தது அந்த நேரத்துக்குத்தான்.

நார் நேராக ஓடும் பலகைகளாகப் பொறுக்கி எடுத்திருந்தோம். சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. இரண்டு பலகைகளையும் தட்டிச் சேர்த்தபோது, பழைய வரிக்கும் புதிய வரிக்கும் நிறத்தில்தான் வித்தியாசம். இறுக்கித் தட்டப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, சந்தில் ஒரு ரூபாய்க் காசைச் செருகினார்.

"இது பங்குனி வெயில்ல காஞ்ச மரம். ஐப்பசியில ஊதும், எடம் விடணும் தம்பி."

கெடுத்த அலகை ஒரு காகிதத்தில் சுற்றி, மேலே "நெல் அறை" என்று எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.