கிரேனும் ஆச்சியின் தொடை எலும்பும்

மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டுற கோஷ்டியில நானும் ஒருத்தன். 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பர்ல அரியர் வச்சு, ரெண்டாவது தடவைதான் கரையேறினேன். அந்தப் பேப்பர் எங்க ஆச்சியோட எக்ஸ்ரேயில திரும்ப வந்து நிக்கும்னு சத்தியமா நினைக்கலை.

போன மாசம் ஆச்சி குளியலறையில வழுக்கி விழுந்து, தொடை எலும்போட கழுத்துப் பகுதியில முறிவு. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே எழுப்பி நடக்க வைக்கணும்னாங்க. "எண்பது வயசுக்காரிய இப்படியாடா பாடாப்படுத்துவாங்க?"ன்னு அம்மா ஒரே அழுகை. நானும் அம்மா கட்சிதான். அன்னிக்கு ராத்திரி ஆச்சிக்குத் துணையா உக்காந்து படிச்சப்பதான் கட்சி மாறினேன்.

எலும்புன்னா ஏதோ சுண்ணாம்புத் தூண்னு நமக்கு நினைப்பு. அப்படி இல்லைங்க. கொலாஜன் என்கிற புரத நார், அதுல படிஞ்ச கால்சியம் பாஸ்பேட் தாது, ரெண்டும் சேர்ந்ததுதான் எலும்பு. தாது அமுக்கத்தைத் தாங்கும், நார் சட்னு உடையாம காக்கும். கிட்டத்தட்ட கம்பி கட்டின கான்கிரீட். நீண்ட எலும்புகளோட நடுப்பகுதி குழாய் மாதிரி இருக்கும். எடை கூடாம உறுதி வேணும்னா குழல்தான் வழின்னு, பறவை எலும்பையும் நாணலையும் காட்டி கலிலியோ 1638லேயே எழுதிட்டார், அதுவும் வீட்டுக்காவல்ல இருந்தபடி!

எலும்போட முனைகள்லதான் விஷயமே இருக்கு. அங்கே உள்ளே கடற்பஞ்சு மாதிரி மெல்லிய சட்டங்கள். 1866ல் சூரிச் நகரத்துல ஹெர்மன் வான் மேயர் என்கிற உடற்கூறு பேராசிரியர், அறுத்த எலும்புகளைக் காட்டி, இந்தச் சட்டங்கள் ஒரு ஒழுங்குல வளைஞ்சு போகுதுன்னு விளக்கினார். அதைப் பார்த்தவங்கள்ல கார்ல் கல்மானும் ஒருத்தர். மனுஷன் டாக்டர் இல்லை, பாலிடெக்னிக்ல பாலம், கட்டுமானம் சொல்லித்தந்த என்ஜினியர். அவருக்குப் பொறி தட்டிடுச்சு. வளைஞ்ச கிரேன்ல பாரம் தொங்கும்போது இழுவிசையும் அமுக்கவிசையும் ஓடுற கோடுகளும் இதே மாதிரிதானே!

யோசிச்சுப் பாருங்க. உடம்போட பாரம் தொடை எலும்புத் தண்டுக்கு நேர் மேலே இறங்கலை. பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கிற தலைப்பகுதியில இறங்குது. அப்ப அது கிரேன்தானே?

பெர்லின் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் இதைப் பிடிச்சுக்கிட்டு 1892ல் ஒரு புத்தகமே போட்டார். பாரம் மாறினா எலும்போட உள்கட்டமைப்பும் மாறும் என்பதுதான் 'வோல்ஃப் விதி'. கணக்குச் சூத்திரம் மாதிரி துல்லியமா நடக்கும்னு அவர் சொன்னதைப் பின்னாடி வந்தவங்க ஒத்துக்கலை. ஆனா அடிப்படை நிலைச்சிடுச்சு. எலும்புக்குள்ள இருக்கிற செல்கள் பாரத்தை உணருது, ஒரு கூட்டம் அரிச்சு எடுக்குது, இன்னொரு கூட்டம் கட்டுது. டென்னிஸ் ஆடுறவங்களுக்கு மட்டை பிடிக்கிற கை எலும்பு தடிமனா இருக்கும். எடையே இல்லாத விண்வெளியில சரியான உடற்பயிற்சி இல்லைன்னா இடுப்பு எலும்புல மாசம் 1 முதல் 1.5 சதவீதம் வரை கரையும்.

நடுவுல ஒரு விஷயம். ஈஃபிள் கோபுரம் தொடை எலும்பைக் காப்பியடிச்சதுன்னு ஒரு கதை சுத்துது. அதுல உண்மை இவ்வளவுதான்: 1884ல் கோபுரத்துக்கு முதல் வரைபடம் போட்ட மாரிஸ் கெஷ்லான், கல்மானோட மாணவர். கோபுரத்தோட வளைவைத் தீர்மானிச்சது எலும்பு இல்லை, காத்து.

சரி, ஆச்சிக்கு வருவோம். படுத்தே கிடந்தா ரத்தக்கட்டு, படுக்கைப்புண், நெஞ்சுச்சளின்னு வரிசையா வரும். அதோட, பாரமே இல்லாத எலும்பை உடம்பு 'இது எதுக்கு?'ன்னு கரைச்சிடும். ஓய்வுன்னு நாங்க பாசத்துல கொடுக்கப் பார்த்தது எவ்வளவு பெரிய கெடுதல்!

மறுநாள் காலையில அம்மாகிட்ட பேப்பர்ல கிரேன் படம் வரைஞ்சு காட்டினேன். எவ்வளவு புரிஞ்சுதோ தெரியலை, ஆனா ஆச்சியோட ஒரு கையை அம்மாவே பிடிச்சுக்கிட்டாங்க. முதல் நாள் நாலே எட்டு. ஒவ்வொரு எட்டுக்கும் என்னைத் திட்டிக்கிட்டே வச்சாங்க. இப்போ வாக்கரோட வாசல் வரைக்கும் வர்றாங்க. திட்டு மட்டும் குறையலை.

நாள் பூரா நாற்காலியிலேயே கிடக்கிற மக்களே, எந்திரிச்சு ஒரு நடை நடந்துட்டு வாங்க. பின்னூட்டம் அப்புறமா போட்டுக்கலாம்.