ஒரே பெயரில் இரண்டு அறிவியல் நிறுவனங்கள்

1949 வரை ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் நிறுவனத்துக்கும் இந்திய அரசின் அறிவியல் நிறுவனத்துக்கும் ஒரே சுருக்கப் பெயர்தான்: சி.எஸ்.ஐ.ஆர். அந்த ஆண்டில் ஆஸ்திரேலியா தன்னுடையதை சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆக்கிக்கொண்டது. இரண்டுக்கும் வித்திட்டது போர். முதல் உலகப் போரின் நடுவே 1916-இல் பிரதமர் பில்லி ஹியூஸ் அமைத்த ஆலோசனைக் குழு, 1926-இல் அங்கே முழு நிறுவனமாக வளர்ந்தது. இங்கே இரண்டாம் உலகப் போரின்போது, வைஸ்ராய் அவையில் வணிகத் துறையைக் கவனித்த ஆற்காடு ராமசாமி முதலியார் வாதாடி 1940-இல் ஓர் ஆய்வு வாரியத்தைப் பெற்றார். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அதை நடத்தினார், 1942-இல் சி.எஸ்.ஐ.ஆர். உருவானது.

தொடக்கம் ஒத்திருந்தாலும், வாசலில் காத்திருந்தவர்கள் வேறு. ஆஸ்திரேலியாவில் காத்திருந்தவர்கள் ஆட்டுப் பண்ணைக்காரர்கள். புல்வெளிகளை மொட்டையடித்த முயல்கள்தான் அவர்களுடைய பெரிய தலைவலி. 1950-இல் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. மிக்சோமா வைரஸை முயல்களிடையே பரப்பியது. கொசுக்கள் அதை ஆற்றோரமாகவே சுமந்து சென்றன. முயல்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அதே சமயத்தில் மர்ரே பள்ளத்தாக்கில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரவே, மக்கள் இந்த வைரஸைச் சந்தேகித்தார்கள். நிறுவனத்தின் தலைவர் இயன் க்ளூனிஸ் ராஸ், பர்னெட், ஃபென்னர் என்ற இரு வைரஸ் அறிஞர்களோடு சேர்ந்து, அதைத் தம் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டார். மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அரசு நிறுவனம் ஒன்று மக்களின் அச்சத்துக்கு இதைவிட நேர்மையாகப் பதில் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தியாவில் வேளாண்மைக்கு 1929 முதலே தனி ஆய்வு மன்றம் இருந்தது. சி.எஸ்.ஐ.ஆருக்கு வாய்த்தது தொழில்துறை. தொழிற்சாலைகளோ சொற்பம், கேட்டு வர ஆள் இல்லாதபோதே ஆய்வகங்களைக் கட்ட வேண்டியிருந்தது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் மின்வேதியியல் ஆய்வகம் திறந்தது. சென்னைத் தோல் ஆய்வகத்தின் நிலை வேறு. தோல் பதனிடும் தொழில் இங்கே முன்பே இருந்ததால், அதன் வேலைக்கு முதல் நாளிலிருந்தே ஆள் இருந்தது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இரு நாடுகளின் ஆய்வகங்களை எடை போடுவது தவறு.

காப்புரிமை விஷயத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடந்தன. ஜான் ஓ'சல்லிவன் என்ற ரேடியோ வானியலாளர், வெடிக்கும் சிறு கருந்துளைகளின் மெல்லிய அலைகளைத் தேடினார், கிடைக்கவில்லை. அந்தத் தேடலில் கைவந்த கணித முறை, அறைச் சுவர்களில் மோதிக் குழம்பும் அலைகளைத் தெளிவாக்கப் பின்னர் அவருடைய சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. குழுவுக்கு உதவியது. 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வைஃபையில் அந்த முறையைப் பயன்படுத்திய நிறுவனங்களோடு வழக்காடி, 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஈட்டியது சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.

இந்திய சி.எஸ்.ஐ.ஆர். அதே அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்குப் போனது, ஒரு காப்புரிமையை உடைக்க. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகம் உரிமை வாங்கியிருந்தது. நம் பாட்டிமார் காலங்காலமாகச் செய்ததுதானே என்றால் அங்கே எடுபடாது. வெளிநாட்டு வழக்கம் அச்சில் வந்திருந்தால்தான் அன்றைய அமெரிக்கச் சட்டம் அதைச் சான்றாக ஏற்கும். சி.எஸ்.ஐ.ஆரின் அன்றைய தலைமை இயக்குநர் மஷேல்கர் தலைமையில் பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் திரட்டிக் கொடுத்தார்கள். 1997-இல் காப்புரிமை ரத்தானது. இதில் ஒரு காசு வரவில்லை; ஆனாலும் வைஃபை வெற்றிக்கு இதைக் குறைவாக நான் மதிக்க மாட்டேன்.

ஒவ்வொரு முறையும் இப்படி ஓடிக்கொண்டிருக்க முடியாது என்பதால், 2001-இல் மரபு அறிவுக்கான மின்னூலகம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆயுர்வேத, யுனானி ஏடுகளோடு சித்த மருத்துவ நூல்களின் மருந்து முறைகளும் அதில் ஆங்கிலம், ஜப்பானியம் உள்ளிட்ட மொழிகளில் ஏறியுள்ளன. வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகங்கள் பலவற்றில், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி இன்று அதில் தேடிப் பார்க்க முடியும்.